டயாலிசிஸ் என்றால் பயமா?



"ஒருதரம் டயாலிசிஸ் போட்டுட்டா ஆயுசு பூரா போடணும், ஆளு தேறாது" என்று ஊரில் பேசக் கேட்டிருப்பீர்கள். அதை நம்பி, டாக்டர் சொல்லியும் கேளாமல் நோயாளியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள். காலங்கடத்தினால்தான் உயிருக்கு ஆபத்து.

டயாலிசிஸ் என்பது என்ன?

நமது சிறுநீரகங்கள் இரத்தத்திலுள்ள கழிவையும், மிகுதியான உப்பையும் நீரையும் பிரித்துச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. அவை ஓய்ந்துபோனால் அந்த வேலையை ஒரு கருவி செய்கிறது. இரத்தம் குழாய் வழியே கருவிக்குப் போய், சுத்தமாகி, மீண்டும் உடம்புக்கே வந்து சேருகிறது. ஒரு சமயத்தில் வெளியே இருப்பது ஏறக்குறைய ஒரு டம்ளர் இரத்தம்தான். ஒரு முறைக்குச் சுமார் 4 மணி நேரம் பிடிக்கும்.

ஆயுள் முழுவதும் செய்ய வேண்டுமா?

எல்லோருக்கும் அல்ல. கண்ணாடி விரியன் கடி, கடும் வாந்தி பேதி, பிரசவத்தில் அதிக இரத்தப்போக்கு ஆகியவற்றால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். இவர்களில் பலருக்குச் சில நாட்களோ வாரங்களோ செய்தால் போதும், சிறுநீரகம் தேறிவிடும். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பால் நாளடைவில் முற்றிலும் கெட்டுப்போனால், வாரம் 2 அல்லது 3 முறை தொடர்ந்து செய்ய வேண்டும். அல்லது மாற்றுச் சிறுநீரகம் பொருத்த வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

சிகிச்சையின்போது தலைசுற்றல், கெண்டைக்கால் இழுப்பு, குளிர் நடுக்கம் வந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்த கையில் ஊசி போடவோ, இரத்த அழுத்தம் பார்க்கவோ விடாதீர்கள். மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றாமலிருக்க ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

கணவன் மனைவிக்கு

சிறுநீரகச் செயலிழப்பு ஒட்டுவாரொட்டி அல்ல. சேர்ந்து உண்ணலாம், உறங்கலாம். தொடர்ந்து டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெண்ணுக்குத் தூரம் சரியாக வராவிட்டாலும் கரு தங்கக்கூடும். அது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகலாம். தகுந்த கருத்தடை முறையை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரருக்கு நோய் என்றால் தாலிக்கொடியை அடகு வைத்தாவது ஓடுகிறாள் மனைவி. அவளுக்கு நோய் என்றால், "அறுப்பு முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடலாமா?

சிறுநீர் குறைந்தாலோ, முகமும் காலும் வீங்கினாலோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் சிகிச்சையும் உண்டு. காப்பீட்டு அட்டையை மறவாதீர்கள்.

தயக்கம் வேண்டாம்! தாமதம் வேண்டவே வேண்டாம்!