பொலித்தீன் கூடாரத்தைக் காற்றினின்றும் காத்தல்

வீட்டுத்தோட்டத்தில் பொலித்தீன் கூடாரம் அமைத்துத் தக்காளி, கறிமிளகாய் ஆகியவற்றைப் பயிரிடுவோர், வைகாசியில் சோளகக் காற்று வலுக்குமுன் அதன் விரிப்பைச் சோதித்தல் அவசியம். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தாக்கம் நான்கு மடங்காகும். ஆயினும், பெரும்பாலும் விரிப்பு ஒரே வீச்சிற் கிழிவதில்லை. தளர்ந்த விரிப்பு இடைவிடாது படபடத்துச் சட்டத்தில் உராய்வதாலேயே கிழிகின்றது. அடியோரத்தால் உட்புகும் காற்றோ கூடாரத்தையே மேலெழுப்பிவிடும்.

ஆகையால், வெயிலேறிய, காற்றில்லாத வேளையில் விரிப்பை இழுத்துக் கட்டுதல் வேண்டும். வெப்பத்தாற் சற்று விரிந்திருக்கையில் இறுக்கிய பொலித்தீன் பின்னர் எளிதில் தளராது. மரச்சட்டத்தில் வெறும் ஆணி அறைந்தால் ஆணித்துளையிலிருந்தே கிழிவு தொடங்கும். விரிப்பின்மேற் கமுகஞ் சலாகையை வைத்து, அதனூடாக ஆணியடித்தல் வேண்டும். சட்டத்தின் கூரிய முனைகளைப் பழைய சைக்கிள் ரியூப் துண்டுகளாற் சுற்றுக. விரிப்பின் அடியோரத்தை ஓரடி ஆழமான கானில் இட்டு, மண்ணால் மூடி மிதித்து இறுக்குக. கூரையின் குறுக்கே கயிறுகளைப் போட்டு, இருபுறமும் ஆழ அறைந்த முளைகளிற் கட்டுக.

காற்று வீசும்போது அது வரும் பக்கத்து வாயிலை மூடிவைத்தல் வேண்டும். சிறு கிழிவாயினும் அன்றே ஒட்டுக. சூறாவளி எச்சரிக்கை கிடைப்பின், விரிப்பைக் கழற்றிச் சட்டத்தையேனும் காத்துக்கொள்ளுதல் நன்று.