புயல் கடந்த பின்னும் நீளும் ஆபத்து

வடகிழக்குப் பருவமழைக் காலமே வங்கக் கடலில் புயல்கள் உருவாகும் காலமுமாகும். அட்லாண்டிக் பெருங்கடலில் 'ஹரிக்கேன்' என்றும், மேற்குப் பசிபிக்கில் 'டைஃபூன்' என்றும் வழங்கப்படுவது நாம் புயல் என்றழைக்கும் அதே இயற்கை நிகழ்வுதான். புயலென்றால் காற்றின் சீற்றமே நம் நினைவுக்கு வருகிறது. நோயுற்றோரைப் பொறுத்தவரை, காற்று ஓய்ந்த பின் வரும் நாள்களே பெரும்பாலும் கடினமானவை. ஆகவே, புயல் கரையை நெருங்கும்போது நேரும் இடர்களையும், நோயாளர் வீட்டில் செய்ய வேண்டிய ஆயத்தங்களையும் இங்கு விளக்குகிறோம்.

ஒரு தீவு கற்பித்த பாடம்

2017 செப்டம்பர் 20 அன்று 'மரியா' என்னும் ஹரிக்கேன், கரீபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசிற்று. தீவு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. அதை முற்றிலும் மீட்டெடுக்க ஓராண்டுக்காலம் நெருங்கிற்று. இறந்தோர் 64 பேர் என்றே அரசு முதலில் கணக்கிட்டது. பின்னர் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வின் அடிப்படையில், 2018 ஆகஸ்டில் அவ்வெண்ணிக்கை 2,975 எனத் திருத்தப்பட்டது.

முதற்கணக்குக்கும் இரண்டாம் கணக்குக்கும் இடையில் இத்துணை வேறுபாடு ஏன்? புயலுக்குப் பின்வந்த ஆறு திங்களில், வழக்கத்தைவிட எத்தனை பேர் மிகுதியாக இறந்தனர் என்பதை ஆய்வாளர் கணக்கிட்டனர். வறிய பகுதிகளில் வாழ்ந்தோரும், 65 வயதைக் கடந்த ஆடவரும் நெடுநாள் ஆபத்துக்கு உள்ளாகியிருந்தனர். மின்சாரமின்றியும் சாலைகள் துண்டிக்கப்பட்டும் மருத்துவம் எட்டாத தொலைவுக்குச் சென்றுவிட்ட காலம் அது.

நம் கரையிலும் இதற்குச் சான்றுண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலில் மின்கம்பங்கள் பெருவாரியாகச் சாய்ந்தன. டெல்டா மாவட்டங்களின் பல சிற்றூர்கள் பல நாள் இருளில் கிடந்தன.

கரையை நெருங்கும்போது

முதல் இடர் காற்று. காற்றின் வேகம் இருமடங்கானால் அது சுவரின்மீது செலுத்தும் அழுத்தம் நான்கு மடங்காகும். புயலின் கண் ஓர் ஊரின்மீது கடக்கும்போது காற்று திடீரெனத் தணியும். புயல் ஓய்ந்ததென எண்ணி வெளியே வருவோரை, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து எழும் காற்று தாக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின்போது சென்னை மக்கள் இவ்விடைவெளியை நேரிற் கண்டனர்.

இரண்டாம் இடர் கடல்நீர். புயற்காற்று கடல்நீரைக் கரைநோக்கித் தள்ளுவதால் கடல்மட்டம் உயர்ந்து ஊருக்குள் பாய்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததும் இதுவே. நம் கிழக்குக் கரையை நோக்கி மேற்கே நகரும் புயலில், கரை கடக்கும் இடத்துக்கு வடபுறத்திலேயே காற்று கடலிலிருந்து நிலம்நோக்கி வீசும். அங்குதான் நீரேற்றம் மிகும்.

மூன்றாம் இடர் மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரை கடந்தது ஆந்திரத்தில். வெள்ளத்தில் மூழ்கியதோ சென்னை. புயல் வேறிடத்தில் கரை கடக்கிறது என்பதால் நாம் கவலையற்றிருக்க இயலாது.

எச்சரிக்கை கிடைத்தவுடன்

இந்திய வானிலை ஆய்வுத் துறை, மோசமான வானிலை தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்னர் ஓர் எச்சரிக்கையையும், 24 மணி நேரம் முன்னர் அடுத்தகட்ட எச்சரிக்கையையும் விடுக்கிறது. முதற்கட்ட எச்சரிக்கை வந்ததுமே நோயாளர் குடும்பம் செயற்படத் தொடங்க வேண்டும். பேருந்துகள் நின்ற பின் செய்யத்தக்கது குறைவு.

டயாலிசிஸ் பெறுவோர் தம் மையத்தைத் தொடர்புகொண்டு, அடுத்த முறைக்குரிய சிகிச்சையை முன்கூட்டியே பெற இயலுமா எனக் கேட்டறிக. தவணை தள்ளிப்போகுமாயின், அருந்தும் நீரின் அளவையும் உப்பையும் மருத்துவர் சொன்ன வரம்புக்குள் இறுக்கமாக வைத்திருக்க வேண்டும். புயலில் தென்னைகள் சாய்ந்த ஊர்களில் இளநீர் எளிதிற் கிடைக்கும். நிவாரணமாக வாழைப்பழமும் வரும். இவ்விரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் செயலிழந்தோருக்கு இவை இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும்.

இன்சுலின் போட்டுக்கொள்வோர், மின்சாரமின்றிக் குளிர்பதனப் பெட்டி நின்றுவிட்டால் மருந்தை எறிந்துவிட வேண்டா. ஈர மணல் இட்ட மண்பானைக்குள், நீர் புகாத சிறு கலத்தில் வைத்துப் பாதுகாக்கலாம். பனிக்கட்டியோடு ஒட்டி வைத்தல் கூடாது. உறைந்த இன்சுலின் பயனற்றது.

வீட்டில் ஆக்ஸிஜன் செறிவூட்டியைச் சார்ந்திருப்போர், மாற்றாகச் சிலிண்டரை ஏற்பாடு செய்க. இயலாதாயின் முன்னரே மருத்துவமனைக்கு வந்துவிடுக. பேறுகாலம் நெருங்கிய தாய்மாரும் அவ்வாறே மருத்துவ வசதியுள்ள ஊருக்கு முன்னதாகச் செல்லுதல் நலம்.

வலிப்பு, இதயநோய், இரத்த அழுத்தம், காசநோய் ஆகியவற்றுக்கான மருந்துகள் இரண்டு வாரத்துக்கேனும் கையிருப்பில் இருக்கட்டும். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு மீளும். மருந்துச் சீட்டு, சிகிச்சைக் குறிப்பேடு, காப்பீட்டு அட்டை ஆகியவற்றை நெகிழிப் பையில் இட்டு, மருந்துகளோடு ஒரே இடத்தில் வையுங்கள். முகாமுக்குச் செல்ல நேர்ந்தால் அதை மறவாது எடுத்துச் செல்க.

காற்று ஓய்ந்த பின்

அறுந்து கிடக்கும் மின்கம்பியை மிதிக்கவோ, அது கிடக்கும் நீரில் இறங்கவோ கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ சன்னலருகிலோ இயக்க வேண்டா. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை, உறங்குவோரை விழிக்கவிடாமலே கொன்றுவிடும். குடிநீரைக் கொதிக்கவைத்தே அருந்துக.

நீரிழிவு நோயாளர் வெறுங்காலுடன் வெள்ளத்தில் நடத்தல் ஆகாது; உணர்விழந்த பாதத்தில் ஏற்படும் சிறு காயமும் ஆறாப் புண்ணாகலாம். வெள்ளநீரில் நடந்தோருக்குச் சில நாள்களிலோ வாரங்களிலோ காய்ச்சலும் தசைவலியும் கண்சிவப்பும் தோன்றினால் அது எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். உடனே மருத்துவரைக் காண்க. பாம்பு கடித்தால் கடிவாயை அறுக்கவோ இறுகக் கட்டவோ செய்யாமல், கடிபட்டவரை அசையாதிருக்கச் செய்து மருத்துவமனைக்குக் கொண்டுவருக.

அவசர ஊர்திக்கு 108 எண்ணையும், மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 எண்ணையும் அழைக்கலாம். இவ்விரு எண்களையும், உங்கள் மருத்துவரின் எண்ணையும் இன்றே ஒரு தாளில் எழுதி மருந்துப் பையில் வைத்துவிடுங்கள். கைபேசி அணைந்துபோகும் நாளில் அத்தாளே உதவும்.