வேலைக்குத் திரும்பும் கை: தொழில்வழிச் சிகிச்சையாளரின் கல்வியும் பயிற்சியும்

மும்பையின் கிழக்குப் புறநகரான செம்பூர், தமிழர்கள் பல தலைமுறைகளாகக் குடியேறி வாழும் பகுதி. 1950களில் அதனை ஒட்டிய டிராம்பே, மாகுல் பகுதிகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், அடுத்த பத்தாண்டில் உர ஆலையும் எழுந்தன. அவற்றைச் சுற்றிச் சிறிய பட்டறைகள் பலவும் தோன்றின. இத்தகைய பட்டறை ஒன்றில் இயந்திரத்தில் கை சிக்கிய ஒரு தொழிலாளியை எண்ணிப் பார்க்கலாம். அறுவை சிகிச்சை காயத்தை ஆற்றுகிறது. தொழிலாளர் அரசுக் காப்புறுதித் திட்டத்தில் சேர்ந்தவராயின் உதவித்தொகையும் கிடைக்கிறது. ஆயினும் அந்தக் கை மீண்டும் ஸ்பானரைப் பிடிக்குமா, சோற்றைப் பிசையுமா, நெரிசல் மிகுந்த ஹார்பர் ரயிலில் கைப்பிடியைப் பற்றுமா என்ற கேள்விகள் எஞ்சி நிற்கின்றன. இக்கேள்விகளுக்கு விடை காண்பதே தொழில்வழிச் சிகிச்சை. 'ஆக்குபேஷனல் தெரபி' என்ற பெயரிலேயே இது மருத்துவமனைகளில் பெரிதும் அறியப்படுகிறது.

இப்பெயரில் உள்ள 'தொழில்' என்னும் சொல் பிழைப்புக்கான வேலையை மட்டும் குறிப்பதன்று. பல் துலக்குதல், உடுத்துதல், சமைத்தல், பள்ளியில் எழுதுதல், விளையாடுதல் என மனிதர் தம் நாளை நிரப்பும் செயல்கள் அனைத்தும் இதில் அடங்கும். இயன்முறை மருத்துவர் தசையின் வலிமையிலும் மூட்டின் அசைவிலும் முதன்மையாகக் கவனம் செலுத்துகிறார். அந்த வலிமையும் அசைவும் அன்றாடச் செயலாக மாறத் துணைநிற்பவர் தொழில்வழிச் சிகிச்சையாளர். இரு துறைகளும் ஒன்றையொன்று நிறைவு செய்வன. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பிவிட இயலாது.

பம்பாயில் விழுந்த வித்து

இத்துறை அமைப்பு வடிவம் பெற்றது அமெரிக்காவில், 1917ஆம் ஆண்டில். முதல் உலகப் போரில் உறுப்பிழந்தும் மனம் கலங்கியும் திரும்பிய வீரர்களின் மறுவாழ்வு அதன் வளர்ச்சியை விரைவுபடுத்தியது. இந்தியாவில் இக்கல்விக்கு வித்திட்டவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியர் ஒருவரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர் அவர். பிலடெல்பியாவில் இத்துறையைக் கற்றுத் திரும்பிய அவரது முயற்சியால் 1950இல் பம்பாயின் பரேல் பகுதியிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1952இல் அகில இந்தியத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டில் அமைந்த உலகக் கூட்டமைப்பின் பத்து நிறுவன உறுப்பு நாடுகளுள் இந்தியாவும் ஒன்றாக இடம்பெற்றது.

தொடக்கத்தில் பட்டய அளவில் இருந்த கல்வி பின்னர்ப் பட்டப் படிப்பாக உயர்ந்தது. இன்று மும்பையில் கே.இ.எம். மருத்துவமனையுடன் இணைந்த சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி, நாயர் மருத்துவமனையுடன் இணைந்த டோபிவாலா கல்லூரி, சயன் மருத்துவமனையுடன் இணைந்த லோகமான்ய திலகர் கல்லூரி ஆகிய மாநகராட்சி நிறுவனங்களில் இப்படிப்பு நடைபெறுகிறது. செம்பூர், தாராவி, மாதுங்கா ஆகிய பகுதிகளின் மக்கள் பெரிதும் நாடிச் செல்வது சயன் மருத்துவமனையையே. எனவே அங்குப் பயிலும் மாணவர் சந்திக்கும் நோயாளிகளில் பலர் இப்பகுதிகளின் உழைப்பாளிகளும் அவர்களுடைய குழந்தைகளும் ஆவர்.

என்ன கற்கிறார்கள்?

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றோர் இளநிலைப் பட்டப் படிப்பில் சேர்வது வழக்கம். நான்கு ஆண்டுப் படிப்பும் அதனைத் தொடர்ந்து ஆறு மாத உள்ளுறைப் பயிற்சியும் என்பதே பல பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் நிலவிவந்த முறை. உடற்கூறு, உடலியக்கம், உளவியல் ஆகிய அடிப்படைப் பாடங்களில் தொடங்கி, எலும்பு மூட்டு நோய்கள், நரம்பு நோய்கள், குழந்தை நலம், மனநலம் எனப் பாடத்திட்டம் விரிகிறது. வளைந்த விரலையும் தளர்ந்த மணிக்கட்டையும் உரிய நிலையில் நிறுத்தும் தாங்கு கட்டுகளைத் தம் கையாலேயே செய்யவும் மாணவர் கற்கின்றனர். முதுநிலைப் பட்டத்திற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் பயில வேண்டும். அதில் குழந்தை நலம், நரம்பியல், மனநலம், கை மறுவாழ்வு போன்ற ஒரு பிரிவில் தேர்ச்சி பெறலாம்.

இக்கல்வியின் தனித்தன்மை 'செயல் பகுப்பாய்வு' என்னும் பயிற்சியில் விளங்குகிறது. சோறு பிசைந்து உண்பது எளிய செயலாகத் தோன்றலாம். அதற்குத் தரையில் சாயாமல் அமரும் சமநிலை வேண்டும். கட்டைவிரல் மற்ற விரல் நுனிகளைத் தொட வேண்டும். சோற்றின் சூட்டைத் தோல் உணர வேண்டும். முழங்கை மடங்கிக் கை வாயை எட்ட வேண்டும். கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டும். பக்கவாதம் கண்டவருக்கு இப்படிகளில் எது தடைப்பட்டுள்ளது என்று கண்டறிந்து, அதற்கேற்ற பயிற்சியையோ கருவியையோ மாற்று வழியையோ வகுப்பதே சிகிச்சையாளரின் கலை. ஒரு கையால் சேலை உடுத்தும் முறையும், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை பிடிப்பதற்கு ஏற்ற தடித்த பென்சிலும் இத்தகைய பகுப்பாய்விலிருந்தே பிறக்கின்றன.

ஏட்டில் இல்லாத பாடம்

இத்துறையின் பாடநூல்கள் பலவும் மேலை நாடுகளில் எழுதப்பட்டவை. குளியல் தொட்டியில் இறங்குவது, நாற்காலியில் அமர்ந்து முள்கரண்டியால் உண்பது, சக்கர நாற்காலியுடன் காரில் ஏறுவது ஆகியவை அவற்றின் எடுத்துக்காட்டுகள். தாராவியின் சந்தில் ஒற்றை அறையில் வாழ்பவருக்குத் தேவைப்படுவதோ வேறு. தரையிலிருந்து எழுதல், குத்துக்காலிட்டு அமர்தல், செங்குத்தான ஏணிப்படியில் ஏறுதல், பொதுக் கழிப்பறை வரை நடத்தல், குடத்தில் நீர் சுமத்தல் ஆகியவையே அவருடைய அன்றாடச் செயல்கள். மருத்துவமனையின் வழவழப்பான தரையில் நன்றாக நடந்தவர் வீட்டு வாசலைத் தாண்ட இயலாமல் முடங்கிப் போவதும் உண்டு.

எனவே வகுப்பறைக்கு நிகரான இடம் நேரடிப் பயிற்சிக்கு உண்டு. ஒவ்வொரு மாணவரும் குறைந்தது 1,000 மணி நேரம் களப் பயிற்சி பெற வேண்டும் என்பது உலகக் கூட்டமைப்பின் குறைந்த அளவுத் தரம். இந்த நேரம் முழுவதும் மருத்துவமனையின் நான்கு சுவர்களுக்குள் கழியுமாயின் அதன் நோக்கம் பாதியே நிறைவேறும். நோயாளியின் வீடு, குழந்தையின் பள்ளி, தொழிலாளியின் பட்டறை ஆகியவையும் பயிற்சிக் களங்களாக வேண்டும்.

இதற்கு வழிகாட்டும் முயற்சிகள் நம் நாட்டிலேயே உள்ளன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டு தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். ஆனால் நிமிர்ந்த விரலில் உணர்ச்சி திரும்பவில்லை. வேலை செய்யும்போது நோயாளிகள் தம்மை அறியாமலே மீண்டும் காயமுற்றனர். அங்குத் தொடங்கிய புதுவாழ்வு மையத்தில், உணர்ச்சியற்ற கைகளைக் காத்துக்கொண்டு தச்சுக் கருவிகளைக் கையாள அவர்கள் பழகினர். கையைச் சீராக்குவது ஒரு பாதி. அக்கையைக் கொண்டு வாழக் கற்பது மறு பாதி என்பதை அம்மையம் காட்டிற்று. மும்பையிலும் 1972இல் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்குக் கல்வியையும் சிகிச்சையையும் ஒரே கூரையின்கீழ் வழங்கியது. வளர்ந்தோருக்கான அதன் தொழிற்பயிற்சிப் பணி செம்பூரிலும் இடம்பெற்றது.

சட்டமும் தரமும்

இத்துறைக்கு நெடுங்காலம் நாடு தழுவிய சட்டப் பாதுகாப்பு இருக்கவில்லை. மருத்துவருக்கும் செவிலியருக்கும் பதிவு அவைகள் இருந்தபோதும், தொழில்வழிச் சிகிச்சையாளர் தம் சங்கத்தின் தர நிர்ணயத்தையே பெரிதும் நம்பியிருந்தனர். தொழில்வழிச் சிகிச்சைக்கும் இயன்முறை மருத்துவத்திற்கும் மாநில அவை அமைக்க மகாராஷ்டிரம் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வகை செய்தது. பின்னர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, துணைநிலை மற்றும் உடல்நலப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2021 தொழில்வழிச் சிகிச்சையையும் தன் அட்டவணையில் சேர்த்தது. உடல்நலப் பராமரிப்புத் தொழிலருக்கான பட்டப் படிப்பு மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம் கொண்டதாக அமைய வேண்டும் என்பது இச்சட்டத்தின் வரையறை. மைய, மாநிலப் பதிவேடுகளுக்கும் அது வழி வகுத்துள்ளது.

பதிவேடு என்பது வெறும் சடங்கன்று. ஆட்டிசம் கொண்ட குழந்தையின் பெற்றோர், சில வாரப் பயிற்சி மட்டுமே பெற்றவரையும் பட்டதாரிச் சிகிச்சையாளரையும் வேறுபடுத்தி அறிய அது துணை செய்யும். குழந்தையின் வளர்ச்சியில் தொடக்க ஆண்டுகள் அருமையானவை. தகுதியற்றவரிடம் அவை கழிந்துவிட்டால் மீட்பது அரிது.

அமெரிக்காவில் 2007 முதல் இத்தொழிலுக்குள் நுழையவே முதுநிலைக் கல்வி தேவைப்படுகிறது. இந்தியாவில் இளநிலைப் பட்டமே நுழைவாயில். வெளிநாடு செல்ல விரும்பும் மாணவர் இவ்வேறுபாட்டை முன்னரே அறிந்திருத்தல் நலம். ஆயினும் இங்கே இளநிலைப் பட்டதாரிகளை நன்கு பயிற்றுவித்து மாவட்டந்தோறும் பணியில் அமர்த்துவதே உடனடித் தேவையாகும்.

மாறிவரும் தேவை

கமலா நிம்ப்கரின் காலத்தில் இளம்பிள்ளை வாதம் பெரும் சவாலாக இருந்தது. 2014இல் இந்தியா அந்நோயற்ற நாடாகச் சான்று பெற்றது. எனினும் மறுவாழ்வின் தேவை குறைந்துவிடவில்லை. அதன் முகம் மாறியுள்ளது. பக்கவாதம், சாலை விபத்து, முதுமைத் தளர்ச்சி, மறதி நோய், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகள் ஆகியவை முன்னிற்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பார்க்கின்சன் நோய் ஆகியவை அவற்றுள் அடங்கும். சட்டம் உரிமையை வழங்குகிறது. அவ்வுரிமையை அன்றாட வாழ்வில் நடைமுறையாக்கப் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை மருத்துவத்தையும் நோய்த் தணிப்புப் பராமரிப்பையும் இல்லந்தோறும் கொண்டு சென்றது. சிகிச்சை வீட்டு வாசலை எட்டக்கூடும் என்பதற்கு அது சான்று. வீட்டின் அமைப்பையும் நோயாளியின் செயல்களையும் ஒருங்கே ஆராயும் தொழில்வழிச் சிகிச்சையாளருக்கு இதைவிடப் பொருத்தமான களம் இல்லை.

ஆகவே நிர்வாகத்தின் கவனத்திற்கு உரியவை மூன்று. முதலாவது, மாவட்ட மருத்துவமனைகளிலும் தொழிலாளர் காப்புறுதி மருத்துவமனைகளிலும் சிறப்புப் பள்ளிகளிலும் இத்துறைக்கெனத் தனிப் பணியிடங்கள் வேண்டும். பணியிடம் இல்லாத கல்வி, பட்டதாரிகளை வெளிநாட்டுக்கோ பெருநகரத் தனியார் நிலையங்களுக்கோ அனுப்புவதிலேயே முடியும். இரண்டாவது, களப் பயிற்சியின் ஒரு பகுதியேனும் குடிசைப் பகுதியிலும் சிற்றூரிலும் நடைபெறுதல் வேண்டும். மூன்றாவது, நோயாளியின் மொழியில் பயிற்சிக் குறிப்புகள் வேண்டும். செம்பூரில் தமிழோ மராத்தியோ பேசும் ஒரு தாய்க்கு ஆங்கிலத் தாளால் பயன் சிறிதே. குழந்தைக்கு நாள்தோறும் பயிற்சி அளிப்பவர் அத்தாயே அன்றோ?

அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கையையும் படுக்கைகளின் எண்ணிக்கையையும் கணக்கிடுவது எளிது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் எத்தனை பேர் மீண்டும் தம் கையால் உண்டனர், எத்தனை பேர் வேலைக்குச் சென்றனர், எத்தனை குழந்தைகள் பள்ளியில் அமர்ந்தனர் என்பதையும் கணக்கில் கொள்ளும்போதே சிகிச்சையின் முழுப் பயன் புலப்படும். அந்தக் கணக்கை உயர்த்தும் பொறுப்பு தொழில்வழிச் சிகிச்சையாளருக்கு உரியது. அப்பொறுப்புக்கு ஏற்ற கல்வியையும் களத்தையும் பணியிடத்தையும் அளிப்பது அரசுக்கும் சமுதாயத்திற்கும் உரிய கடமையாகும்.