வழி தெரிந்துவிட்ட உலகில் தேடல் எதற்கு?

கணினி விளையாட்டுகளைச் சிறுவர்களின் வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடும் வழக்கம் எம்மிடையே உண்டு. எனினும், பல்லாயிரம் பேர் இணையத்தின் வழியே ஒரே கற்பனை உலகில் பாத்திரங்களாக உலவும் விளையாட்டுகளின் வரலாறு, பெரியவர்களும் சிந்திக்க வேண்டிய பாடமொன்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியான எவர்குவெஸ்ட் விளையாட்டில் ஆரம்பத்தில் வரைபடமே இருக்கவில்லை. வழியறிய விரும்பியவர் தாமே கடதாசியில் வரைந்துகொள்ள வேண்டும். அல்லது எதிர்ப்படும் அந்நியரிடம் கேட்க வேண்டும். பாத்திரம் மாண்டால் அதன் உடைமைகள் மாண்ட இடத்திலேயே கிடக்கும். அவற்றை மீட்கப் பெரும்பாலும் பிறரது துணை தேவைப்பட்டது. இடரும் அறியாமையும் இருந்தமையாலேயே அங்கு துணிவுக்கும் நட்புக்கும் இடமிருந்தது எனலாம்.

2004 நவம்பரில் பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்ட வேர்ள்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் இக்கடுமையைப் பெரிதும் தணித்தது. 2007இல் அதன் புதிய நிலப்பரப்பில் பறந்து செல்லும் வசதி வந்தது. நடந்து கடக்க வேண்டிய காடுகளும் மலைகளும் மேலிருந்து பார்க்கும் காட்சிகளாயின. 2009 டிசெம்பரில், தேட வேண்டிய இடங்களை வரைபடமே சுட்டிக்காட்டத் தொடங்கியது. நிலவறைக் கோட்டைகளுக்குச் செல்லும் குழுவையும் கணினியே சேர்த்து, நேராக உள்ளே கொண்டுசென்று விட்டது. வழியும் தேவையில்லை, வழித்துணையும் தேவையில்லை என்றாயிற்று.

இதற்கு நிறுவனத்தை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. 2010இல் அவ்விளையாட்டின் சந்தாதாரர் தொகை 1 கோடியே 20 இலட்சத்தை எட்டியது. நாள் முழுவதும் உழைத்துவிட்டு ஒரு மணித்தியாலமே ஓய்வு பெறும் ஒருவர், அந்நேரத்தை வழிதேடிக் கழிக்க விரும்பாததில் வியப்பில்லை.

பழைய அனுபவத்தை மீண்டும் வேண்டியோருக்காக 2019 ஓகஸ்டில் அதே நிறுவனம் ஆரம்பகால உலகை மறுபடியும் திறந்துவிட்டது. ஆனால் நடந்தது என்ன? ரக்னரோஸ் என்ற பெரும் பகைப் பாத்திரத்தை முதன்முதலாக வீழ்த்துவதற்கு அன்று 2005 ஏப்ரல் வரை, அதாவது ஏறத்தாழ ஐந்து மாதங்கள் சென்றன. 2019இலோ ஒரு வாரத்திற்குள் அது வீழ்த்தப்பட்டது. பதினைந்து ஆண்டுகளாக ஒவ்வொரு வழியும் ஒவ்வோர் உத்தியும் எழுதப்பட்டுவிட்டமையே இதற்கான பிரதான காரணமாகும். உலகம் மீண்டது; அதனை அறியாதிருந்த நிலை மீளவில்லை.

ஆக, தேடல் என்பது நிலப்பரப்பில் மட்டும் தங்கியிருப்பதன்று. தேடுபவரின் மனநிலையிலும் தங்கியுள்ளது. விடை அருகிலேயே இருக்கும்போது அதனைப் பாராமல் சிறிது தூரம் நடந்து பார்க்கும் பொறுமையை எந்த நிறுவனமும் விற்பனை செய்ய முடியாது. கேட்டவுடன் விடை கிடைக்கும் காலத்தில் வளரும் பிள்ளைகளுக்கு, வழிதவறித் தாமே வழி காணும் வாய்ப்பையும் சில வேளைகளில் விட்டுவைப்பது பெற்றோரதும் ஆசிரியர்களதும் கடமை என்பதே எமது கருத்தாகும்.