பழைய படகு இயந்திரத்துக்கு எந்த மானி தேவை?

கெத்தாம் தீவு, கோல செப்பெத்தாங் போன்ற மீனவர் கிராமங்களுக்குச் சென்றால், படகுகளின் பின்புறம் மாட்டியிருக்கும் அவுட்போர்டு இயந்திரங்களைக் கவனியுங்கள். இயந்திரம் ஓடும்போது அதன் பக்கத்திலுள்ள சிறு துளையிலிருந்து மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டே இருக்கும். இயந்திரத்தை முடுக்கியதும் மீனவர்களின் கண் அங்கேதான் போகும். நீர் வராவிட்டால் உடனே நிறுத்திவிடுவார்கள்.

ஆனால், அந்த நீர்த்தாரை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. துளையில் சேறு அடைத்துக்கொண்டால், உள்ளே நீர் நன்றாக ஓடினாலும் வெளியே வராது. நீர்த்தாரை சரியாக வரும்போதே உள்ளே வேறொரு பாதை உப்புப் படிந்து அடைபட்டிருக்கலாம். இரவில் அது கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் பழைய இயந்திரங்களுக்கு மானி பொருத்துகிறார்கள். அழுத்தமானியா, வெப்பமானியா என்பதே கேள்வி.

கடலே குளிர்விக்கிறது

காரில் உள்ளதுபோன்ற ரேடியேட்டர் இதில் இல்லை. நீருக்குள் இருக்கும் கீழ்ப்பகுதியில் ஒரு பம்ப் உண்டு. அதில் சுழலும் ரப்பர் இறக்கைச் சக்கரம் கடல்நீரை உறிஞ்சி மேலே தள்ளுகிறது. அந்நீர் சிலிண்டர்களைச் சுற்றி ஓடி, வெப்பத்தை வாங்கிக்கொண்டு மீண்டும் கடலில் கலக்கிறது.

எவ்வளவு நீர் தேவை? தன்வெப்பக் கொள்ளளவுப் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஓர் இயந்திரத்திலிருந்து விநாடிக்கு 8,000 ஜூல் வெப்பத்தை நீர் அகற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோகிராம் கடல்நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4,000 ஜூல் வேண்டும். நீர் 30 டிகிரியில் நுழைந்து 50 டிகிரியில் வெளியேறினால், ஒவ்வொரு கிலோகிராமும் 80,000 ஜூலைச் சுமந்து செல்லும். அப்படியானால் விநாடிக்கு 0.1 கிலோகிராம், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 லிட்டர் நீர் ஓட வேண்டும்.

நீரோட்டம் பாதியாகக் குறைந்தால்? அதே வெப்பத்தைப் பாதி நீர் சுமக்க வேண்டும். அது 70 டிகிரிக்குச் சூடாகிவிடும். நீர் முற்றிலும் நின்றுபோனால் அலுமினிய பிஸ்டன் விரிவடைந்து, சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும். கரை கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும்போது அப்படி நேர்ந்தால் ஆபத்துதான்.

அழுத்தமானி சொல்வது

அழுத்தமானி பம்பின் நிலையைச் சொல்கிறது. உறிஞ்சும் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டால், இயந்திரம் சூடேறும் முன்பே முள் இறங்கிவிடும். ரப்பர் இறக்கை தேயத் தேய, அதே வேகத்தில் காட்டும் அழுத்தமும் மாதாமாதம் குறைந்து வரும்.

இதன் எளிய வகைக்கு மின்சாரமே வேண்டாம். இயந்திரத்திலிருந்து ஒரு மெல்லிய குழாயை இழுத்து மானியில் இணைத்தால் போதும். மானிக்குள் வளைந்த உலோகக் குழல் ஒன்று இருக்கும். அழுத்தம் கூடும்போது அது சற்றே நிமிர்ந்து முள்ளைத் திருப்பும். பிரான்சைச் சேர்ந்த யூஜின் போர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மின்கலம் இல்லாத, கயிற்றை இழுத்து முடுக்கும் பழைய இயந்திரங்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

வெப்பமானி சொல்வது

வெப்பமானி விளைவைச் சொல்கிறது. இதன் உணரியில் பெரும்பாலும் தெர்மிஸ்டர் இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பம்ப் நன்றாக இருந்தும் உள்ளே பாதை அடைபட்டாலோ, நீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டாலோ, அழுத்தமானி அதைக் காட்டிக்கொடுக்காமல் போகலாம். சில வேளைகளில் அழுத்தம் கூடவும் செய்யும். வெப்பமானி மட்டுமே உண்மையைச் சொல்லும்.

இதில் ஒரு பொறி உண்டு. உணரி நீரின் வெப்பநிலையை மட்டும் அளக்கும் இடத்தில் இருந்தால், நீர் முழுவதும் வற்றியதும் அதைச் சுற்றிக் காற்றுதான் இருக்கும். காற்று வெப்பத்தை நன்றாகக் கடத்தாது. எனவே உலோகம் கொதித்துக்கொண்டிருக்க, முள் மெதுவாகவே ஏறும். உணரி சிலிண்டர் தலைப்பகுதியின் உலோகத்தை இறுக்கமாகத் தொடும்படி பொருத்துவதே பாதுகாப்பு. எந்த அளவீடும் தான் தொடும் பொருளைப் பற்றி மட்டுமே பேசும் என்பதை மறவாதீர்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

இரண்டையும் பொருத்துவதே சிறந்தது. ஒன்றுதான் முடியும் என்றால், இயந்திரத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதிகச் சூட்டுக்கு ஒலிக்கும் எச்சரிக்கை மணி இருந்தால், அழுத்தமானியைச் சேர்க்கலாம். மணி இல்லாவிட்டால், வெப்பமானிக்கு முதலிடம் கொடுக்கலாம்.

அளவு எல்லையும் முக்கியம். முழு வேகத்தில் 10 பிஎஸ்ஐ மட்டுமே தரும் சிறிய இயந்திரத்துக்கு 100 பிஎஸ்ஐ வரை காட்டும் மானி உதவாது. முள் அசைவதே தெரியாது. 15 பிஎஸ்ஐ மானி அதைத் தெளிவாகக் காட்டும். மெதுவாக ஓடும்போது முள் பூஜ்யத்தை ஒட்டி நிற்பதும் பழுதல்ல.

பொருத்திய முதல் நாளே, இயந்திரம் நல்ல நிலையில் இருக்கும்போது, வெவ்வேறு வேகங்களில் அளவுகளைக் குறித்துவைக்க வேண்டும். பிற்காலத்தில் வரும் மாற்றத்தைக் கண்டுபிடிக்க அந்தக் குறிப்புதான் உதவும்.

சிந்தித்துப் பாருங்கள்: அழுத்தம் வழக்கம்போல் இருக்கிறது, வெப்பநிலை வழக்கத்தைவிட மிகவும் குறைவு. தெர்மோஸ்டாட்டுக்கு என்ன ஆகியிருக்கலாம்?