பழைய கடலோர வீட்டில் பாத்ரூமை இடிக்கும் முன்

கடலோர ஊர்களில் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் கை வைப்பது பாத்ரூமில்தான். பத்து வருஷத்துக்குள் திரும்பவும் கை வைக்க வேண்டி வருவதும் அதே பாத்ரூமில்தான். புது டைல்ஸ், புது குழாய், புது கதவு என்று எல்லாம் போட்டிருப்பார்கள். ஆனால் டைல்ஸ் விளிம்புக்கு மேலே பூச்சு உதிரும், கீழ்வீட்டுக் கூரையில் பழுப்புக் கறை வரும், ஸ்டீல் டேப்பில் டீத்தூள் தூவியது போலப் புள்ளி விழும்.

தூத்துக்குடியில் 1979-ல் கட்டிய எங்கள் வீட்டு மாடி பாத்ரூமை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அதற்கு நேர் கீழே சமையலறை. அம்மா தினமும் காலையில் நிற்கிற இடத்துக்கு மேலே கூரையில் நீளமாக ஒரு விரிசல். வந்து பார்த்த காண்டிராக்டர், "டைல்ஸ் மேலயே டைல்ஸ் ஒட்டிருவோம் அண்ணாச்சி, கீழ ஒரு பூச்சு, நாலு நாள்ல முடிஞ்சிரும்" என்றார். நான் நாலு நாள் கேட்டு வாங்கி, நாலு மாசம் படித்தேன். அதன் சாரம்தான் இந்தக் கட்டுரை.

உப்பு சும்மா இருப்பதில்லை

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் ஏறி வீட்டுச் சுவரில் படியும். அது ஒரு வழி. போர் தண்ணீர் இன்னொரு வழி. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500. கடலோரத்தில் இந்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் எத்தனையோ உண்டு. அந்தத் தண்ணீரில்தான் தினமும் பாத்ரூமைக் கழுவுகிறோம். மூன்றாவது வழி, கட்டும்போதே மணலோடும் தண்ணீரோடும் கலந்து உள்ளே போனது.

சாதாரண சோடியம் குளோரைடுக்கு ஒரு குணம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். கடலோர ஊரில் இந்தக் கோட்டை ஒரே நாளில் மேலும் கீழும் தாண்டுவது சகஜம். விடியற்காலை மேலே, வெயில் ஏறியதும் கீழே. செங்கல்லின் நுண்துளைகளுக்குள் உப்பு கரைந்து, உறைந்து, கரைந்து, உறைந்து கொண்டே இருக்கும். உறையும் ஒவ்வொரு முறையும் படிகம் துளையின் சுவரைத் தள்ளும். சுவர் பொரிந்து உதிர்வதன் காரணம் இதுதான். பாத்ரூமில் ஒரு குளியலுக்கு ஒரு சுற்று கூடுதல்.

சுண்ணாம்பு வீடா, கான்கிரீட் வீடா?

பழைய கடலோர வீடுகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நோய் வேறு, வைத்தியமும் வேறு.

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, புதுச்சேரி, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் நிற்கும் மிகப் பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. பெரும்பாலானவற்றில் பாத்ரூம் என்ற அறையே முதலில் கிடையாது. குளியல் கிணற்றடியில், கழிப்பிடம் கொல்லைக் கடைசியில். இதில் தண்ணீரை வீட்டிலிருந்து தள்ளி வைக்கும் கட்டடப் புத்தியும் இருந்தது. கழிவை அள்ள ஒரு சாதியினரைப் பின்சந்து வழியாக வரவைத்த கொடுமையும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிறகு குழாய் வந்ததும், தாழ்வாரத்தின் ஒரு மூலையையோ இரண்டாங்கட்டின் ஒரு பகுதியையோ தடுத்து பாத்ரூம் ஆக்கினார்கள். ஈரத்துக்கென்று கட்டாத சுவர் ஈரத்துக்கு வாக்கப்பட்டது.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், ஆனால் வெளியேயும் விடும். அதன் மேல் சிமெண்ட் பூசி, தரையிலிருந்து கூரை வரை டைல்ஸ் ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லை. அடியிலிருந்து ஏறும் ஓதம் டைல்ஸுக்குப் பின்னால் இன்னும் உயரமாக ஏறி, டைல்ஸ் முடிகிற இடத்துக்கு மேலே வந்து ஆவியாகும். உப்பை அங்கே விட்டுவிட்டுப் போகும். ஏழடி டைல்ஸ் போட்ட பாத்ரூமில் ஏழரை அடியில் பூச்சு உதிர்வதையும், அடுத்த அறைப் பக்கம் சுவர் பொருமுவதையும் கவனித்திருப்பீர்கள். மேலே லீக் என்று நினைத்து மொட்டை மாடியைக் கொத்துபவர்கள் உண்டு. ஈரம் வந்ததோ தரையிலிருந்து.

இந்த மாதிரி வீட்டுக்கு என் கணக்கு இது. தண்ணீர் நேராகத் தெறிக்கும் பகுதிக்கு மட்டும் டைல்ஸ். மற்ற இடங்களில் உதிர்ந்த சிமெண்ட் பூச்சை எடுத்துவிட்டு சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் வெள்ளை அடிப்பு. எமல்ஷன் பெயிண்ட், பட்டி எதுவும் வேண்டாம். அந்தப் பூச்சு உப்பை வாங்கிக்கொண்டு சில வருஷத்தில் கெடும். கெடட்டும். பூச்சைத் திரும்பப் பூசலாம், செங்கல்லைத் திரும்ப அடுக்குவது கஷ்டம். முடிந்தால் குளிக்கும் இடத்துக்குப் பழைய சுவரை நம்பாமல், ஓரிரு அங்குல இடைவெளி விட்டு உள்பக்கம் மெல்லிய புதுச் சுவர் எழுப்பி, டைல்ஸை அதில் ஒட்டுவது இன்னும் உத்தமம்.

கான்கிரீட்டில் நடப்பது என்ன?

1970, 80-களில் கட்டிய வீடுகள் இரண்டாவது வகை. எங்கள் வீடு இதில் சேர்த்தி. இங்கே சுவரை விட கூரைத் தளம்தான் பிரச்சினை.

நல்ல கான்கிரீட்டின் பி.எச். அளவு 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தன்மையில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம் உருவாகி, அதைத் துருவிலிருந்து காக்கும். குளோரைடு போதிய அளவு கம்பியை எட்டினால் இந்தப் படலத்தில் அங்கங்கே ஓட்டை போட்டுவிடும். துருவோ இரும்பை விட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளே இடமில்லாததால் கான்கிரீட் விரிசல் விட்டு, பாளமாக விழும். சில கிலோ எடையுள்ள பாளம் பத்தடி உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் காலத்துத் தரநிலையான ஐ.எஸ். 456-ன் 1978 பதிப்பு, தளத்தின் கம்பிக்கு அடியில் குறைந்தபட்சம் 15 மில்லிமீட்டர் கான்கிரீட் இருந்தால் போதும் என்றது. 2000-ம் ஆண்டுப் பதிப்பு கடலோரக் காற்றுக்கு நேராக வெளிப்படும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர், எம்30 தரம் என்கிறது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நம் அப்பாக்கள் கட்டிய வீடுகள் நிற்கின்றன.

நான் செய்த சோதனை

என் தொழில் மென்பொருள். பக் எங்கே என்று தெரியாமல் கோடை மாற்றக் கூடாது என்பது அங்கே பாலபாடம். அதையே இங்கேயும் செய்தேன்.

கூரையின் அடிப்பக்கம் டிரில் போட்டு 0-20, 20-40, 40-60 மில்லிமீட்டர் ஆழங்களில் தனித்தனியாகத் தூள் எடுத்தேன். பாத்ரூமுக்குக் கீழே ஒரு இடம், ஒப்பிட்டுப் பார்க்க படுக்கையறைக் கூரையில் ஒரு இடம். தூளை டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து வடிகட்டி, சில துளி நைட்ரிக் அமிலம் விட்டு, பிறகு சில்வர் நைட்ரேட். குளோரைடு இருந்தால் பால் போல வெளுக்கும். பள்ளியில் பிளஸ் டூ லேபில் செய்த அதே சோதனை. (கையுறை, கண்ணாடி இல்லாமல் செய்யாதீர்கள். சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் கறுப்பு போக நாளாகும்.) கூடவே, உடைந்த கான்கிரீட்டில் ஃபினால்ஃப்தலீன் தடவினேன். காரத்தன்மை மிச்சமிருந்தால் இளஞ்சிவப்பாகும். கம்பியைச் சுற்றி நிறம் நன்றாகவே வந்தது. அதாவது கார்பன் டை ஆக்ஸைடு அவ்வளவு ஆழம் போகவில்லை, குற்றவாளி உப்புதான்.

வெளுப்பதை வைத்து அளவு சொல்ல முடியாது. அதனால் மீதித் தூளை ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பாத்ரூம் தளத்தில் கான்கிரீட் எடையில் 0.11 சதவீதம் குளோரைடு. கன மீட்டர் கான்கிரீட் 2400 கிலோ என்று வைத்தால் சுமார் 2.6 கிலோ. புதிதாகப் போடும் கான்கிரீட்டில் 0.6 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இன்றைய ஐ.எஸ். 456. நாலு மடங்குக்கு மேல்.

இதை விட முக்கியமான விஷயங்கள் இரண்டு. ஒன்று, மூன்று ஆழத்திலும் அளவு ஏறக்குறைய ஒன்றே. வெளியிலிருந்து வந்த உப்பாக இருந்தால் மேற்பரப்பில் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருந்திருக்கும். சமமாக இருப்பதால், கலவையிலேயே வந்த உப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு, படுக்கையறைக் கூரையிலும் 0.10 சதவீதம். ஆனால் அங்கே ஒரு கீறல்கூட இல்லை!

உப்பு ஒன்றே, கம்பி ஒன்றே, வயசும் ஒன்றே. வித்தியாசம் தண்ணீர் மட்டும்தான்.

துருப்பிடிப்பது ஒரு மின்வேதியியல் வேலை. இரும்பு கரையும் இடம் ஒன்று, ஆக்ஸிஜன் வினைபுரியும் இடம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே அயனிகள் நகர ஈரம் வேண்டும். காய்ந்த கான்கிரீட்டில் மின்தடை அதிகம், அதனால் துரு மிக மெதுவாகவே நகரும். படுக்கையறைக் கம்பி நாற்பது சொச்ச வருஷமாக உப்போடு குடித்தனம் நடத்தியும் பிழைத்திருப்பது இதனால்தான்.

விரிசலை மட்டும் அடைத்தால்?

கெட்ட இடத்தை மட்டும் கொத்திப் புதுக் கலவை வைப்பதுதான் எல்லோரும் செய்வது. இதில் ஒரு சூட்சுமம். கெட்ட இடத்துக் கம்பி, துருப்பிடித்துக்கொண்டே பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டிருந்தது. அதைச் சுத்தம் செய்து உப்பில்லாத புதுக் கலவையில் புதைத்ததும், சுற்றியுள்ள பழைய உப்புக் கான்கிரீட்டில் இருக்கும் கம்பி வேகமாகத் துருப்பிடிக்க ஆரம்பிக்கும். ஒட்டுப் போட்ட இடம் அப்படியே இருக்க, அதைச் சுற்றி வட்டமாக விரிசல் வருவது இதனால். ஓரங்களில் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு இணைத்துப் புதைப்பது ஒரு தீர்வு. கம்பிக்குப் பதில் துத்தநாகம் கரையும்.

நான் கூப்பிட்ட கட்டடப் பொறியாளர் முட்டு கொடுத்துவிட்டு, பீமுக்கு பீம் அந்தப் பகுதித் தளம் முழுவதையும் எடுத்து, ஓரங்களில் துத்தநாகம் வைத்துப் புதிதாகப் போடச் சொன்னார். சரி, போட்ட பிறகு அதன் மேல் மறுபடி பாத்ரூமா? வாட்டர் புரூஃபிங் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அதற்கும் ஆயுசு உண்டு. ஓரத்தில் இருக்கும் பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியே இருக்கிறது. அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கியபோது, "அடுப்புக்கு மேல எதுக்குய்யா குளிக்கிற ரூம்பு?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாத்ரூம் மாடிப்படி ஓரமாக, தனி அஸ்திவாரத்தில், தனித் தூண்களில் எழும்பியது. பழைய இடம் இப்போது துணி மடிக்கிற அறை. செலவு காண்டிராக்டர் சொன்னதைப் போலப் பல மடங்கு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பொருள் வாங்கும்போது

கடைக்காரர் "எஸ்.எஸ்." என்று சொன்னால், 304-ஆ 316-ஆ என்று கேளுங்கள். 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு; குளோரைடு போடும் புள்ளித் துருவை அது நன்றாகத் தாங்கும். காந்தத்தை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மாலிப்டினத்தைக் காட்டும் சொட்டு மருந்து கிடைக்கிறது. கதவுக் கீல், திருகு, டவல் கம்பி போன்றவற்றுக்கு இது முக்கியம்.

பழைய ஜி.ஐ. பைப்பில் பாதியை மட்டும் மாற்றாதீர்கள். உப்புத் தண்ணீரில் பித்தளையும் ஜி.ஐ.யும் சேரும் இடத்தில் ஜி.ஐ. முதலில் போகும். சுவருக்குள் ஒரு ஜி.ஐ. துண்டுகூட மிச்சமில்லாமல் சி.பி.வி.சி.க்கு மாறுவது நல்லது.

தரையில் டைல்ஸுக்கு அடியிலேயே வாட்டம் இருக்க வேண்டும். டைல்ஸ் பசையில் வாட்டம் கொடுக்கிறேன் என்றால் விடாதீர்கள். வாட்டர் புரூஃப் பூச்சு காய்ந்ததும் டிராப்பை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பாருங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு பார்ப்பது வீண். தரை டிராப்பில் 50 மில்லிமீட்டர் நீர்ப்பூட்டு இருக்கட்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகித்தான் சாக்கடை நாற்றமும் கரப்பானும் வருகின்றன. ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் ஊற்றினால் ஆவியாவது குறையும்.

கடைசியாக ஜன்னல். உப்பும் தண்ணீரும் கடலோரத்தில் இலவசம். காய்வதற்குத்தான் நாம் ஏற்பாடு செய்ய வேண்டும். எதிரெதிராக இரண்டு திறப்பு, இல்லையென்றால் ஒரு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன். டைல்ஸ் பட்ஜெட்டில் பாதியைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள். டைல்ஸ் நிறத்தைப் பற்றி வீட்டில் வருகிற சண்டைக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை.