காமிராவும் காஞ்சிபுரமும்

சென்ற மாதம் வாலாஜாபாத்தில் ஒரு சிநேகிதர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே வெனிஸ் நகரம் முழுவதையும் பார்த்துவிட்டேன். சிநேகிதர் அப்போதுதான் இத்தாலி தேசத்துக்குப் போய்த் திரும்பியிருந்தார். தண்ணீர்த் தெருக்கள், ஓடங்கள், பாலங்கள், ஸான் மார்க்கோ சதுக்கத்துப் புறாக்கள் எல்லாம் அவருடைய கைபேசியில் அடங்கியிருந்தன. ஆயிரம் படங்களுக்குக் குறைவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய தாயார் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்: "ஏண்டாப்பா, நம்ம ஏகாம்பரநாதர் கோபுரத்தை எடுத்திருக்கியா? இருந்தால் காட்டேன், பார்க்கலாம்."

சிநேகிதர் கைபேசியை இப்படியும் அப்படியும் தடவினார். பாலாற்றங்கரையிலிருந்து காஞ்சிபுரம் அரைமணி நேரப் பிரயாணம். மாதம் இரண்டு முறை போய்வருகிறவர்தான். ஆனாலும் ஒரு படங்கூட அகப்படவில்லை. "அது எங்கே போய்விடப் போகிறது அம்மா?" என்றார்.

எங்கே போய்விடப் போகிறது! இந்தக் கேள்விக்கு வெனிஸ் நகரமே ஒரு முறை பதில் சொல்லியிருக்கிறது. சிநேகிதர் படம் எடுத்து வந்த ஸான் மார்க்கோ மணிக் கோபுரம் பழைய கோபுரம் அன்று. பழையது 1902-ஆம் வருஷம் ஜூலை 14-ந் தேதி காலையில் செங்கற் குவியலாகச் சரிந்து விழுந்துவிட்டது. எங்கே இருந்ததோ அங்கேயே, எப்படி இருந்ததோ அப்படியே கட்டுவதென்று நகரத்தார் தீர்மானித்து, 1912-ல் புதிய கோபுரத்தைத் திறந்து வைத்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? கிருஷ்ணதேவராயர் 1509-ல் காஞ்சி ஏகாம்பரநாதருக்கு ராஜகோபுரம் எழுப்பினார். 1516-ல் காளஹஸ்தியில் ஏழு நிலைக் கோபுரம் ஒன்றை எழுப்பினார். காளஹஸ்திக் கோபுரம் 2010-ஆம் வருஷம் மே மாதம் 26-ந் தேதி இடிந்து வீழ்ந்தது. ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் நின்றதைத் தரை மட்டமாக்கச் சில விநாடிகளே போதுமாயிருந்தன. இப்போது அங்கே நிற்பது 2017-ல் கும்பாபிஷேகம் ஆன புதுக் கோபுரம். பழைய கோபுரத்தை இனிப் பார்க்க வேண்டுமானால் படத்தில்தான் பார்க்கலாம்.

நம் கோயில்களைப் படம் பிடிக்கும் காரியம் இன்று நேற்று தோன்றியதல்ல. சென்னை ராணுவத்தைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் என்பவரை 1856-ல் சென்னை ராஜதானி சர்க்கார் தங்கள் போட்டோகிராபராக நியமித்தார்கள். அவர் பெட்டி பெட்டியாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு 1857, 58-ஆம் வருஷங்களில் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் முதலிய இடங்களில் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பாகத்தில் உள்ள கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். பிறகு வந்த கவர்னர் டிரெவிலியன் இதெல்லாம் வீண் ஆடம்பரம் என்று கருதி வேலையை நிறுத்திவிட்டார். சர்க்கார் நிறுத்தினாலும் படங்கள் அழியவில்லை. இன்று ஆராய்ச்சிக்காரர்கள் அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

மறு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே நாங்கள் மூவரும் காஞ்சிக்கு பஸ் ஏறினோம். தாயாரும் பிடிவாதமாகக் கூட வந்தார்.

முதலில் கைலாசநாதர் கோயில். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. கிழக்கு நோக்கிய சந்நிதி. இளவெயில் சாய்வாக விழும்போது மணற்கல் பொன்னிறம் கொள்கிறது. சிங்கங்களின் பிடரி மயிர் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கிறது. உச்சி வெயிலில் அதே சிங்கம் தட்டையாகிவிடும். சிற்பத்தைப் படம் எடுப்பவனுக்கு வெளிச்சத்தைவிட நிழலே பெரிய துணை என்பதைச் சிநேகிதர் அங்கே கண்டுகொண்டார்.

சுற்றிலும் உள்ள சிறு சந்நிதிகளில் சில இடங்களில் பல்லவர் காலத்து வர்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1931-ல் கண்டு சொல்லும் வரையில் அதை யாரும் கவனிக்கவில்லை. அங்கே ப்ளாஷ் போடாமல், சுவரைத் தொடாமல், தூர நின்று எடுப்பதே மரியாதை.

அடுத்தபடி வைகுண்டப் பெருமாள் கோயில். திருச்சுற்று மண்டபச் சுவரில் பல்லவ வம்சத்தின் சரித்திரம் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. நாட்டுக்கு அரசன் இல்லாமல் போகவே, பெரியோர்கள் இரணியவர்மனிடம் சென்று ஒரு பிள்ளையைக் கேட்கிறார்கள். பன்னிரண்டே வயதான கடைசிப் பிள்ளை, "நான் போகிறேன்" என்று புறப்படுகிறான். அவன்தான் பின்னால் இந்தக் கோயிலைக் கட்டிய நந்திவர்ம பல்லவமல்லன். இச்சிற்பங்களை ஆராய்ந்து டாக்டர் மீனாட்சி அம்மையார் எழுதிய நூல், அவர் 1940-ல் காலமானபின் 1941-ல் வெளியாயிற்று. மணற்கல் உதிர்ந்து பல முகங்கள் தேய்ந்துவிட்டன. அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இன்னும் எத்தனை வருஷம் நமக்கு அடையாளம் தெரிவான்?

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டு வாசலில் நின்றோம். கோர்வைப் புடவை தறியில் இருந்தது. நெசவாளர் ஒருபுறம், கரைக்கு நாடா கொடுக்கும் துணையாள் ஒருபுறம். சிநேகிதர் கைபேசியைத் தூக்கினார். தாயார் அவர் கையைப் பிடித்தார். "முதலில் உத்தரவு கேள். அது அவர்கள் வீடு" என்றார். கேட்டோம். நெசவாளர் சிரித்துவிட்டு, "என்னை எடுப்பது இருக்கட்டும் ஐயா, இந்தக் கரையை எடுங்கள். இது எங்கள் அப்பா போட்ட கரை" என்றார். கோயிலில் கற்ற பாடம் தறி மேடையிலும் உதவிற்று: ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோது ஜரிகை சுடர்விட்டது.

கடைசியில் ஏகாம்பரநாதர் கோயில் வாசல். ஏறக்குறைய 190 அடி உயரக் கோபுரம் ஒரு படத்துக்குள் அடங்க மறுத்தது. சிநேகிதர் பின்னால் நடந்தார், நடந்தார், சந்நிதித் தெருவில் வெகு தூரம் போய் நின்றார். அப்போது தாயார் தம் கைப்பையிலிருந்து பழுப்பேறிய படம் ஒன்றை எடுத்து என்னிடம் காட்டினார். கலியாணமான வருஷம் அவரும் அவருடைய கணவரும் இதே கோபுரத்தடியில் நின்று எடுத்துக்கொண்டது. கணவர் இப்போது இல்லை. படத்தின் பின்புறத்தில் அவருடைய கையெழுத்தில் ஊரும் தேதியும் மட்டும் எழுதியிருந்தன.

அந்த அம்மாள் பழைய படத்தில் நின்ற இடத்தைத் தேடிப் போய் நின்றுகொண்டார். பிள்ளை படம் எடுத்தார்.

"இதைப் போனிலேயே வைத்துத் தொலைத்துவிடாதே. காகிதத்தில் போட்டுக் கொடு. பின்னால் தேதி எழுது" என்றார் தாயார்.

நேயர்களே, உங்கள் ஊர்க் கோபுரத்துக்கும் ஒரு படம் எடுத்துத் தேதி எழுதி வைத்திருக்கிறீர்களா?